சாதாரணப் பாவனை

கண்டியில், வாவியிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி,
கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூமில்
மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறேன்.
தேநீர் தருகிறார்கள். நல்ல தேநீர் இல்லை.
டிக்கோயாக்காரி அதைச் சொல்லக்கூடாது,
அது வேறு வழக்கு.

கார் வாங்கிப் பதினொரு மாதம்.
லீசிங் இன்னும் நாற்பத்தொன்பது.
முதல் தடவை கிளச்சை இறுக்கி அனுப்பினார்கள்.
இரண்டாம் தடவை பேராதனை வரை ஓட்டிப் பார்த்து
‘குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதினார்கள்.
பேராதனை வீதி, மேசை மாதிரி.
மூன்றாம் தடவை கார் தானாக வரவில்லை.
லொறியின் முதுகில் வந்தது.

மனேஜர் எக்கநாயக்க
உத்தரவாதப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைக்கிறார்.
பதினேழாம் பக்கம், எறும்பு எழுத்து.
சிங்களத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை.
தமிழ்?
‘அச்சில் இருக்கிறது, மிஸ்.’
பதினொரு மாதமாக அச்சில் இருக்கிறது.
நானே மொழிபெயர்த்துக்கொள்கிறேன்:
சாதாரணப் பாவனைக்கு மட்டும்.

சாதாரணம் என்றால் என்ன, மிஸ்டர் எக்கநாயக்க?
காலை ஆறரைக்கு, மூடுபனிக்குள் மஞ்சள் விளக்கோடு
மேற்பிரிவுக்கு ஏறுவேன்.
பாதித் தூரம் கொங்கிறீட்.
மீதிப் பாதிக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார்கள்;
அந்தக் கல்லையும் சுற்றித்தான் போகவேண்டும்.
பின் சீட்டில் பிள்ளை நிறுக்கும் தராசு,
தடுப்பூசிப் பெட்டி,
சில நாளைக்கு வலி எடுத்த ஒருத்தியும் அவள் மாமியாரும்.
இது எனக்குச் செவ்வாய்க்கிழமை.

‘அது ஹெவி டியூட்டி, மிஸ்.’

உங்கள் தலைக்கு மேலே தொங்குகிற படத்தில்
இதே கார் மலையுச்சியில் நிற்கிறது.
சுற்றிலும் தேயிலை,
கூடையோடு சிரிக்கிற ஒருத்தி.
அந்தக் காரை மேலே தூக்கிக்கொண்டுபோய் வைத்தீர்களா?

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒரு காகிதத்தை நகர்த்துகிறார்:
நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவு.
கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில்
‘வாடிக்கையாளர் திருப்தி’.
பேனாவும் அவரே திறந்து தருகிறார்.

கையெழுத்துக்கு முன்னால் வாசிப்பது என் வழக்கம்.
வேலை அட்டையை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிக்கிறேன்.
அழித்த பென்சிலின் தடம்,
அழிரப்பர் காகிதத்தைத்தான் தேய்த்திருக்கிறது,
சொல்லை இல்லை:
ஃப்ளைவீல் வெடிப்பு. வரும்போதே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கம்பளைப் பையன் அஸ்மீர் கை துடைக்கிறான்.
ஒரே விரலைத் திரும்பத் திரும்பத் துடைக்கிறான்,
இந்தப் பக்கம் பார்க்காமல்.
யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.
அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்தேன்.
‘கழற்றிய சாமானைத் தாருங்கள். அது என்னுடையது.’
‘அப்படிக் கொடுப்பது வழக்கமில்லை, மிஸ்.’
‘சாதாரணம் இல்லையா?’

தந்தார்கள், ஒரு மணித்தியாலம் கழித்து,
பழைய பேப்பரில் சுற்றி.
எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.
பிள்ளைகளைத் தூக்கிப் பழகிய கைக்குத் தராசு வேண்டாம்.

ஹட்டன் பஸ்ஸில் அதை மடியில் வைத்திருக்கிறேன்.
‘என்ன அக்கா, குழவிக்கல்லா?’ என்கிறான் கொண்டக்டர்.
கினிகத்தேனையிலிருந்து ஏற்றம்.
இந்த பஸ்ஸுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு,
இதன் புத்தகத்தை எப்போதோ எலி தின்றிருக்கும்.
முனகுகிறது, கியர் இறங்குகிறது,
ஏறுகிறது.

நுகர்வோர் அதிகாரசபைக்குக் கடிதம் எழுதவேண்டும்.
தமிழில்தான் எழுதுவேன்,
இந்தத் தடவை அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.
முதல் வரி கிடைத்துவிட்டது:
‘ஐயா, எங்களுக்கு மேடுதான் சாதாரணம்.’
இரண்டாவது வரிக்குள் வட்டவளை மழை.
யன்னல் மூடவில்லை.
வெள்ளை யூனிபோர்மில் கிரீஸ் பட்டுவிட்டது,
பரவாயில்லை என்று
இரும்பை நனையாத பக்கம் நகர்த்துகிறேன்.